ரிப்ளியில் இறங்கு, மருமகளே

அன்புள்ள மருமகளுக்கு,

அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு சைக்கிள் வழித்தடத்தின் வரைபடம் வாங்கிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் ஆரம்பித்து கனடாவின் ஓவன் சவுண்டு வரை, ஏறக்குறைய 2,000 மைல். வரும் கோடை விடுமுறையில் முழுவதையும் சைக்கிளில் ஓட்டி முடிப்பதாகத் திட்டமாம். மச்சான் எனக்குப் போன் போட்டு, "நீதான் அவளைக் கெடுத்தது, நீயே பேசி நிறுத்து" என்கிறார். நிறுத்த மாட்டேன். ஆனால் முழு நீளத்தையும் ஓட்டாதே என்று சொல்லத்தான் போகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். முழு வழியையும் ஓட்டலாமா என்று வேறு சிலரும் கேட்டிருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த வழித்தடத்தைக் குறை சொல்லவில்லை. அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன் 2007இல் அதை வெளியிட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சிறுபான்மையினர் நலவாழ்வு மையம் கூட நின்றது. கறுப்பின மக்கள் தங்கள் வரலாற்றைச் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும், அதோடு உடம்புக்கும் நல்லது என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். அடிமைப் பண்ணைகளிலிருந்து தப்பி வடக்கே போனவர்களுக்கு உதவிய அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடுதான் அதன் கரு. அதில் ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஒளித்து வைத்த வீடுகளும், ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்ட ஆட்களும்தான்.

என் குறை வேறு. மொபீலிலிருந்து கனடா வரை அப்படி ஒரே நூலாக நடந்து தப்பித்தவர்கள் மிக மிகக் குறைவு. தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி, மேரிலாந்து, வர்ஜீனியா போன்று, அடிமை முறை இல்லாத வடக்கை ஒட்டி இருந்த மாநிலத்துக்காரர்கள். ஆழ்ந்த தெற்கில் பருத்திக் காட்டில் கிடந்தவனுக்கு வடக்கு என்பது எட்டாத தூரம். சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்துக்கொண்டே போ என்று வழி சொல்லும் பாட்டு ஒன்றைக் காட்டுவார்கள். அது அச்சில் வந்ததே 1928இல்தான், அடிமை முறை ஒழிந்து அறுபது வருடத்துக்குப் பிறகு. அந்தக் காலத்தில் யாராவது அதைப் பாடிக்கொண்டு நடந்தார்களா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆக அந்த 2,000 மைலை ஓட்டி முடித்தாலும் "அவர்கள் போன வழியில் போனேன்" என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு அறுபது மைல் ஓட்டினால்தான் தேதிக்குள் முடியும் என்ற கணக்கில் போகிறவளுக்கு நின்று பார்க்க நேரமும் இருக்காது.

அதனால் மூன்று நாள் எடுத்துக்கொண்டு சின்சினாட்டிக்கு வா. இங்கிருந்து ரிப்ளி என்ற ஊர் ஏறக்குறைய ஐம்பது மைல், ஓஹையோ ஆற்றை ஒட்டியே 52ஆம் எண் நெடுஞ்சாலை. அன்று அந்த ஆறுதான் எல்லை: இந்தக் கரை அடிமை முறை இல்லாத ஓஹையோ, எதிர்க்கரை அடிமை முறை இருந்த கென்டக்கி. லாரிகள் வரும், சில இடங்களில் சாலையோரம் ஒடுங்கிவிடும். விடிந்ததும் கிளம்பினால் தொந்தரவு குறைவு.

கிளம்புவதற்கு முந்தின நாள் இங்கே ஃப்ரீடம் சென்டர் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் பார். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு மாடிக் கொட்டடி, 21 அடிக்கு 30 அடி. தெற்குச் சந்தைக்கு ஓட்டிப் போவதற்கு முன்னால் வியாபாரி ஒருவன் மனிதர்களை அடைத்து வைத்த இடம். மாடியின் சட்டத்தில் சங்கிலி கோக்கும் இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. கென்டக்கியின் மேசன் கவுண்டியில் ஒரு பண்ணையில் இருந்தது இது. பின்னாளில் அதைச் சுற்றியே ஒரு புகையிலைக் கொட்டகையைக் கட்டிவிட்டார்கள், அதனால் அது உள்ளே பத்திரமாக இருந்துவிட்டது. மறுநாள் வழியில் பழைய கறுப்புப் புகையிலைக் கொட்டகைகளைப் பார்க்கும்போது இது உனக்கு நினைவு வரும். வரட்டும்.

ரிப்ளியில் இரண்டு வீடுகள். முதலில் கீழே ஆற்றங்கரைத் தெருவில் ஜான் பார்க்கர் வீட்டுக்குப் போ. எல்லோரும் மலைமேல் இருக்கும் பாதிரியார் வீட்டுக்கு முதலில் ஓடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே.

பார்க்கர் 1827இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். எட்டு வயதில் விற்கப்பட்டு, வயதான ஒருவரோடு சேர்த்துச் சங்கிலியிட்டு நடக்க வைக்கப்பட்டார். கடைசியில் வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? உன் வரைபடம் தொடங்கும் அதே மொபீல். அங்கே வார்ப்புப் பட்டறையில் வேலை கற்றார். ஒரு விதவைப் பெண்மணியிடம் கெஞ்சித் தன்னை வாங்கிக்கொள்ளச் சொல்லி, பட்டறைக் கூலியில் வாராவாரம் தவணை கட்டி, 1845இல் 1,800 டாலருக்குத் தன்னைத் தானே மீட்டுக்கொண்டார். மொபீலிலிருந்து வடக்கே வந்தவர்தான், ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்து அல்ல, காசு கட்டி. பிறகு ரிப்ளியில் சொந்தமாக வார்ப்புப் பட்டறை வைத்தார். புகையிலை அழுத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பகலில் இரும்பு உருக்குவார், ராத்திரி படகில் ஆற்றைக் கடந்து கென்டக்கிக்குப் போய் ஆட்களைக் கூட்டி வருவார். அங்கே பிடிபட்டால் அவர் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் பின்னாளில் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்ன சம்பவம் ஒன்று. ஒரு தம்பதி ஓடிவிடுவார்கள் என்று சந்தேகப்பட்ட எஜமானன், அவர்களுடைய கைக்குழந்தையை ராத்திரியில் தன் கட்டில் காலடியில் கிடத்திக்கொண்டான். பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் அல்லவா? பார்க்கர் இருட்டில் அந்த அறைக்குள்ளேயே போனார். கைத்துப்பாக்கிகள் பக்கத்தில் இருந்தன. குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினார், நால்வரும் படகேறினார்கள்.

இதைவிட எனக்குத் தங்கிப் போனது அவருடைய நோட்டுப் புத்தகம். கரையேற்றிய 300க்கும் மேற்பட்டவர்களின் பெயரும் தேதியும் எழுதி வைத்திருந்தார். 1850இல் ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் வந்தது. உதவி செய்தால் ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதம் சிறை. விசாரிக்கும் அதிகாரிக்கு, ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். நீதியின் விலையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், பார். பார்க்கர் அந்த நோட்டைத் தன் பட்டறை உலையில் தூக்கிப் போட்டார். அதனால் நீ போகும் பாதையில் பெரும்பாலான இடங்களில் பலகையும் இருக்காது, பெயரும் இருக்காது. பெயர் இல்லாததற்குக் காரணம் அக்கறையின்மை மட்டுமில்லை. பெயர் எழுதியிருந்தால் ஆபத்து.

இனி மலை ஏறு. படிக்கட்டு வழியாகவே ஏறு, சைக்கிளைக் கீழே பூட்டிவிடு. தார்ச்சாலை ஏற்றத்தில் சின்னக் கியரில் மூச்சு வாங்கி ஏறினால் வீரம்தான், ஆனால் படியில்தான் ஆற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்க முடியும். மேலே ஜான் ரேங்கின் பாதிரியாரின் சின்னச் செங்கல் வீடு. பதின்மூன்று பிள்ளைகள் வேறு. அங்கே எரியும் விளக்கு கென்டக்கிக் கரைக்குத் தெரியும். வர்ஜீனியாவிலிருந்த அவர் தம்பி அடிமைகளை வாங்கினார் என்று தெரிந்ததும், அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதி 1824இல் உள்ளூர்ப் பத்திரிகையிலேயே அச்சிட்டவர் இவர். சொந்தக்காரர்களுக்கு ஊரறியக் கடிதம் எழுதும் கெட்ட பழக்கம் எனக்கு மட்டும் இல்லை என்று உன் அப்பாவிடம் சொல். அந்தத் தம்பி ஓஹையோவுக்குக் குடிபெயர்ந்து அடிமைகளை விடுவித்தார். என் கடிதத்துக்கு அவ்வளவு பலன் இருக்கும் என்று நம்பவில்லை.

1838 பிப்ரவரியில் ஒரு தாய் குழந்தையோடு உடைந்துகொண்டிருந்த பனிக்கட்டி மேல் ஆற்றைக் கடந்து இந்த வீட்டுக்கு வந்தாள். ரேங்கின் குடும்பம் அதைச் சொல்லப் போய், பிறகு 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற புகழ்பெற்ற நாவலில் அவள் எலைசா ஆனாள். அவளுடைய உண்மைப் பெயர் தெரியாமலே அவளை உலகம் அறிந்தது.

மேலிருந்து பார்க்கும்போது ஒன்றைக் கவனி. இன்று தெரியும் ஓஹையோ ஆறு அணைகளால் தேக்கப்பட்ட ஆறு. அன்று கோடையில் சில இடங்களில் இறங்கியே கடக்கலாம், கடுங்குளிரில் உறையும். இப்போதைய அகலத்தை வைத்து அளக்காதே.

மறுநாள் அபெர்டீன் வரை போய், பாலம் ஏறி மேஸ்வில்லில் இறங்கு. அதுதான் நான் உன்னை இவ்வளவு தூரம் வரச் சொல்வதற்கே காரணம். கென்டக்கிப் பக்கம் எட்டாம் எண் சாலையில் டோவர் நோக்கித் திரும்பி ஓட்டினால், ரிப்ளி எதிர்க்கரையில் வரும். ரேங்கின் வீட்டு மலையிலிருந்து பார்த்த எல்லோரும் "எவ்வளவு அழகான காட்சி" என்று படம் எடுப்பார்கள். வரலாறு நடந்தது கீழே, இந்தக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு. காரில் வந்தால் இந்த இடம் அரை நிமிடத்தில் போய்விடும், நிறுத்தவும் தோதிருக்காது. சைக்கிளுக்கு எங்கும் நிற்கலாம். இந்தப் பக்கத்து நாய்கள் மட்டும் கொஞ்சம் வேகம். டோவருக்கு அப்பால் அகஸ்டாவில் சின்னப் படகுத்துறை இருக்கிறது, ஓஹையோவுக்குத் திரும்பலாம். படகு ஓடுகிறதா என்று முன்னாடியே விசாரித்துக்கொள்.

ஒரு எச்சரிக்கை. கால் வலிக்கும்போது "அவர்கள் பட்ட கஷ்டம் இப்போது புரிகிறது" என்று இன்ஸ்டாகிராமில் போடாதே. நமக்குப் பின்னால் யாரும் நாயோடும் துப்பாக்கியோடும் வரவில்லை. சைக்கிள் தருவது தூரத்தின் அளவும், ஏற்ற இறக்கமும், நினைத்த இடத்தில் நிற்கும் வசதியும். அவ்வளவுதான்.

சைக்கிளே எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். 1894இல் லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென் என்ற பெரிய சைக்கிள் சங்கம் கறுப்பர்களுக்கு உறுப்பினர் இடம் கிடையாது என்று விதி போட்டது. ஐந்தே வருடத்தில் இண்டியானாபொலிஸின் கறுப்பினப் பையன் மேஜர் டெய்லர் மாண்ட்ரியாலில் ஒரு மைல் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன். அந்த விதியை முறைப்படி நீக்கியது 1999இல்! டெய்லர் 1932இல் சிகாகோவில் ஏழையாகச் செத்து, பிச்சைக்காரர் குழியில் புதைக்கப்பட்டார். 1948இல்தான் எடுத்து மரியாதையாக அடக்கம் செய்தார்கள். அவர் பேரில் கறுப்பினச் சைக்கிள்காரர்கள் நாடெங்கும் சங்கம் நடத்துகிறார்கள். முதல் சங்கம் 1979இல் தொடங்கியது உன் கொலம்பஸில்தான். நீ இருக்கும் ஊரில் அதை வைத்துக்கொண்டு மொபீலுக்கு விமான டிக்கெட் பார்க்கிறாய். முதலில் அவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நான் புத்தகத்தில் படித்ததை அவர்கள் பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள்.

கொலம்பஸுக்குத் திரும்பும்போது சீனியாவிலிருந்து லண்டன் வரை (இங்கிலாந்து லண்டன் இல்லை, ஓஹையோவிலேயே உள்ள ஊர்) பழைய ரயில்பாதையில் போட்ட சைக்கிள் தடம் உண்டு, சமதளம், நிழல். சீனியா தாண்டியதும் வில்பர்ஃபோர்ஸ். கர்னல் சார்லஸ் யங் வாழ்ந்த வீடு அங்கே தேசிய நினைவிடம். மேசன் கவுண்டியில் 1864இல் பிறந்து ரிப்ளியில் வளர்ந்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பர். 1917இல் ரத்த அழுத்தம் என்று காரணம் காட்டி ஓய்வு கொடுத்தார்கள். அவர் விடவில்லை, 1918இல் இந்த வீட்டிலிருந்து குதிரையேறி வாஷிங்டன் வரை 497 மைல் ஓட்டிக் காட்டினார். முதல் உலகப் போர் முடிய ஐந்து நாள் இருக்கும்போது திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்! போகும் முன் வீடு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ஓபர்லினை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்வோம். 1858இல் ஜான் பிரைஸ் என்பவரைப் பிடித்து ரயிலேற்றக் கொண்டுபோனபோது, மாணவர்களும் ஊராரும் வெலிங்டன் வரை துரத்திப் போய் மீட்ட ஊர் அது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

"அவங்க கதையில நமக்கென்ன வேலை" என்று மச்சான் கேட்டார். கறுப்பர்கள் போராடிப் பெற்ற வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்டில். இரண்டு மாதத்தில் அதே கை புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டது. அதற்கு முன்னால் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம். மச்சான் எந்த வரிசையில் நின்று கிரீன் கார்டு வாங்கினார் என்று அவரையே கேள்.

டியூப் இரண்டு எடுத்துக்கொள், ரிப்ளியில் சைக்கிள் கடையை நம்பாதே. பின்விளக்கு பகலிலும் எரியட்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டால் அத்தை உனக்குக் கட்டுச்சோறு கட்டித் தருவாள். புளியோதரையா எலுமிச்சையா என்று கேட்கச் சொன்னாள், பதில் போடு.

அன்புடன்,
மாமா