கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கும் முன்: ஊராட்சிகளுக்கும் பாசன சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தென்மாவட்டக் கண்மாய்களையும் குளங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும், பாசன சங்கத்தாருக்கும், நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

தூர்வாரக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வண்டல் ஏறி மேடாகிப்போன கண்மாயில் பயிருக்கும் தண்ணீர் இல்லை, பறவைக்கும் இல்லை. எப்போது தோண்டுவது, எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது என்று முடிவெடுக்கும்போது அங்கே கூடு கட்டியிருக்கும் பறவைகளையும் கணக்கில் சேருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வடக்கே வேடந்தாங்கலில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு கூடு கட்டும் பறவைகள் பங்குனி வாக்கில் பெரும்பாலும் கிளம்பிவிடும். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளம் போன்ற தெற்குக் குளங்களில் தை, மாசியில்தான் கூடு கட்டும் வேலை மும்முரமாகும். மஞ்சள்மூக்கு நாரை அடைகாக்க ஏறத்தாழ 30 நாள், குஞ்சு பறக்க அதன்பின் 60 நாள். மாசிக் கடைசியில் இட்ட முட்டை, வைகாசிக் கடைசியில்தான் பறவையாகும். கூழைக்கடாக் குஞ்சுக்கு இன்னும் நாள் பிடிக்கும். பொக்லைன் சித்திரையிலேயே இறங்கிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

இயந்திரம் மரத்தை இடிக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் வந்தாலே போதும். உச்சி வெயிலில் தாய்ப் பறவை சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. இரைச்சல் கேட்டு அது எழுந்து பறந்தால், மூடியில்லாத முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் சித்திரை வெயிலில் வெந்துவிடும். மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். கூடுள்ள மரத்தடித் தண்ணீரை வடித்துவிட்டாலும் இதே கதிதான். அந்தத் தண்ணீர்தான் நாயையும் நரியையும் காட்டுப்பூனையையும் அண்டவிடாமல் வைத்திருக்கிறது.

ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு நாள் காலையில் கரையில் நின்று பாருங்கள். கூடுள்ள மரங்களை வரைபடத்தில் குறியுங்கள். அவற்றிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளியே இயந்திரமும் டிராக்டரும் ஓடட்டும். எதிர்ப்பக்கத்தில் வேலையைத் தொடங்கி, கூடுள்ள பக்கத்தை ஆனிக்குப் பிறகு, குஞ்சுகள் பறந்ததைப் பார்த்துவிட்டு எடுங்கள். மரத்தடியில் முழங்கால் அளவாவது தண்ணீர் நிற்க வழி செய்யுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவதும் வேட்டையாடுதல்தான் என்பது ஒப்பந்ததாரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆழம். இதில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. மண் எடுப்பவருக்கு ஓரிடத்தில் நின்றபடி ஆழமாகத் தோண்டுவது லாபம். விளைவு, கிணறு மாதிரி செங்குத்தான குழிகள். மஞ்சள்மூக்கு நாரை இரை தேடுவதைக் கவனித்தால் இது ஏன் கூடாது என்று விளங்கும். ஒரு சாண் தண்ணீரில் நின்று, அலகைப் பாதி திறந்து உள்ளே விட்டு, இரு பக்கமும் மெல்ல அசைத்துக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். பத்தடிக் குழியின் விளிம்பில் இதற்கு இடமே இல்லை. உள்ளானுக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் அதைவிடக் குறைந்த தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டும். செங்குத்துக் குழியால் பிழைப்பது நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே. ஆடு மாடும் குழந்தைகளும் தவறி விழுவதும் இந்தக் குழிகளில்தான்.

ஓரம் சரிவாக இருக்கட்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர் நீளச் சரிவு என்று வைத்தால், கோடையில் தண்ணீர் வற்றி இறங்க இறங்க ஒவ்வொரு வாரமும் புதிதாக ஓர் ஆழமற்ற பட்டை பறவைக்குக் கிடைக்கும். கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை இளகும். வண்டலுக்குக் கீழே உள்ள களிப்படுகையை உடைத்து மணலைத் தொட்டால், பெய்த மழை நிலத்துக்குள் இறங்கிவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அப்படித் தோண்டி, அந்தத் தண்ணீரை மீனுக்கும் பறவைக்கும் கடைசிக் கோடைக்கும் என்று விட்டால் போதும்.

சீமைக்கருவேலத்தை அகற்றுவதை நாங்களும் ஆதரிக்கிறோம். ஆனால் வேறு மரமே இல்லாத கண்மாயில் கொக்கும் நாரையும் அதில்தான் கூடு கட்டியிருக்கும். ஒரே ஆண்டில் மொத்தமாக எடுத்தால் அடுத்த தையில் வரும் பறவைக்கு உட்காரக் கிளை இருக்காது. முதலில் நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும் நடுங்கள். அவை கூடு தாங்கும் அளவு வளரும் வரை, பறவைகள் பயன்படுத்தும் சீமைக்கருவேலத் தோப்பை மட்டும் விட்டுவைத்து, மற்றதை எடுங்கள். எடுக்கும்போது தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஒரு அடி ஆழம் வரை வேரோடு பிடுங்க வேண்டும்.

வெட்டிய மண்ணில் கொஞ்சத்தை உள்ளேயே திட்டாக்கலாம். கரையிலிருந்து தள்ளி, பத்து மீட்டர் அகலத்தில், உச்சி முழு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி போடுங்கள். வெறும் வண்டலைக் குவித்தால் முதல் மழை அலையிலேயே கரைந்துவிடும். களிமண் கலந்து, அடுக்கடுக்காக மிதித்து, ஓரத்தில் வெட்டிவேரை நட்டுவிட்டு, மேலே ஐந்தாறு நாட்டுக்கருவேலங்கன்று வையுங்கள்.

பறவையால் ஊருக்கு நன்மையே. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால்தான் வேடந்தாங்கல் மக்கள் 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கிப் பறவைகளைக் காத்தார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

கடைசியாக, மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது. குத்தகைதாரர் கூழைக்கடாவை விரட்ட வெடி போடுவதும், இரவெல்லாம் கட்டிவைக்கும் நரம்பு வலையில் பாம்புத்தாராவும் முக்குளிப்பானும் சிக்கிச் சாவதும் நடக்கிறது. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குமுன் வரும் ஏல விளம்பரத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள்: வெடி கூடாது; கூடுள்ள மரங்களைச் சுற்றி வலை கூடாது; தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது.