அம்மா இராட்டினம் ஏறிய நாள்

வெள்ளவத்தை,
ஏப்ரல் 19

அன்பின் வசந்தி,

உன் கடிதமும் படங்களும் வருடப்பிறப்புக்கு முதல் கிழமையே கிடைத்துவிட்டன. பலகார வேலைகளுக்கு நடுவில் ஆறுதலாக இருந்து வாசிக்க முடியவில்லை. எண்ணெய்ச் சட்டி எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒரு பின்னேரம் பல்கனியில் இருந்து இரண்டு தரம் வாசித்தேன். போன கோடையில் மகள்மாரோடு கனடாஸ் வொண்டர்லாண்டுக்குப் போய் லெவியத்தான் என்கிற ரோலர் கோஸ்ரரில் ஏறியதைப் பற்றி நீ எழுதிய இடம் வந்தபோது எனக்கே அடிவயிறு ஒரு இழுவை இழுத்தது. உயரம் 93 மீற்றர் என்று எழுதியிருந்தாய். பேனையை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். உராய்வே இல்லையென்றால் அடியில் மணிக்கு 154 கிலோமீற்றர் வேகம் வரவேண்டும். அங்கே சொல்கிற வேகம் 148. மிச்ச ஆறு கிலோமீற்றரைத்தான் காற்றும் சில்லுகளும் எடுத்துக்கொள்கின்றன, பார். அடுத்த தவணை என் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைக் கேள்வியாகவே கொடுக்கப் போகிறேன்.

கடைசியில் கேட்டிருந்தாய், "நீங்கள் ஒருத்தரும் எங்கேயும் போறதில்லையா?" என்று. வியாழக்கிழமை போனோம் வசந்தி. நானும், அம்மாவும், அக்காவின் பேரனும். அதை உனக்கு விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் அதில் உனக்குச் சேரவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

அன்றைக்கு அம்மாவுக்குக் கண் கிளினிக். இரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பாடசாலை விடுமுறை என்பதால் சின்னவன் எங்கள் வீட்டில் நிற்கிறான், ஒன்பது வயது. அவனையும் கூட்டிக்கொண்டு போய் முக்கால் மணித்தியாலம் வாங்கில் இருந்த பிறகு, டொக்டர் வரவில்லை, வேறு நாள் வாருங்கள் என்றார்கள். முதலே ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். 79 வயது மனுசி, வெயிலில் ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. நல்ல சேலை உடுத்தியிருந்தார், தலைக்குப் பூவும் வைத்திருந்தார். வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டு, "வெளிக்கிட்டது வெளிக்கிட்டாச்சு. வீட்டை போய் என்ன செய்யிறது? எங்கேயாவது போவம்" என்றார்.

என் அம்மா சொன்னார்! உனக்கு நினைவிருக்கும், வாசல் கேற்றைத் தாண்டுவதற்கு முன் அவருக்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது.

காலி வீதியில் 101 வந்தது, ஏறினோம். வழியில் இவர் கோல் எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். "சும்மா போறம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் எனக்குள் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் படித்த காலத்தில், "கொஹெத யன்னே?", எங்கே போகிறாய் என்று சோதனைச் சாவடியில் சிங்களத்தில் கேட்டால் ரியூஷன் என்று சொல்லலாம், கோயில் என்று சொல்லலாம், ஆஸ்பத்திரி என்று சொல்லலாம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கையில் ஒரு கொப்பி. சும்மா போகிறேன் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அது அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் தெருவில் நடக்க முடியாமல் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

முதலில் காலி முகத்திடலில் இறங்கினோம். நல்ல காற்று. போட் சிற்றிக்காகக் கடலில் மண் கொட்டி நிரப்பிய நிலம் மட்டும் 269 ஹெக்டேயர். நீ பார்த்த கடலில் வடக்குப் பக்கம் ஒரு துண்டு இப்போது தரை. 2022 ஏப்ரலில் போராட்டக் கூடாரங்கள் நின்ற இடத்துக்குக் கிட்ட ஒருவர் பட்டம் விற்றுக்கொண்டிருந்தார். சின்னவனுக்கு இறால் வடை, அம்மாவுக்குக் கச்சான். அங்கே ஒரு கல் இருக்கிறது. எத்தனை தரம் அதற்குப் பக்கத்தால் நடந்திருக்கிறோம், ஒருநாளாவது நின்று வாசித்திருக்கிறோமா? அந்த நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார் என்றும், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைத் தனக்குப் பின்னால் வருகிறவர்களிடம் ஒப்படைக்கிறார் என்றும் அதில் வெட்டியிருக்கிறது. அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். "பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமோ?" என்று கேட்டுவிட்டுக் கல்லை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புவதாகத்தான் எண்ணம். ஆனால் தேத்தண்ணி தேடிப் பேரை வாவிப் பக்கம் நடந்தபோது சின்னவன் இராட்டினத்தின் தலையைக் கண்டுவிட்டான். வருடப்பிறப்புக் களியாட்டம். தகரத்தால் மறைப்பு, பாட்டுச் சத்தம், பஞ்சுமிட்டாய் வாசம். பிறகு யார் வீட்டுக்குப் போவது?

மரணக் கிணற்றைப் பற்றி உனக்குக் கட்டாயம் எழுதவேண்டும். இருபத்தைந்து வருடமாக வட்ட இயக்கம் படிப்பிக்கிறேன், கரும்பலகையில் எத்தனை கிணறு கீறியிருப்பேன்! ஆனால் பலகைச் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது இதுதான் முதல் தரம். பெடியன் ஒருவன், இருபது வயது இருக்கும், மோட்டார் சைக்கிளில் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சரிவில் ஏறி, பிறகு நேர்ச் சுவரில் படுத்தபடி வருகிறான். பலகை முழுக்க அதிர்கிறது, அந்த அதிர்வு கைவழியே தோளுக்கு வருகிறது. சுவர் அவனை உள்நோக்கித் தள்ளுகிற செவ்வன் மறுதாக்கம்தான் அவனை வட்டத்திலேயே வைத்திருக்கிற மையநாட்ட விசை. அது பெரிதாக இருக்கும்வரைதான் ரயரின் உராய்வு அவனுடைய நிறையைத் தாங்கும். ஒன்பது மீற்றர் குறுக்களவு இருக்கும் என்று மட்டிட்டேன். உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்தால், மணிக்கு 31 கிலோமீற்றர் போதும், விழமாட்டான். அதில் திணிவு வெட்டுப்பட்டுப் போகும், நினைவிருக்கிறதா? மெலிந்தவனுக்கும் தடித்தவனுக்கும் ஒரே வேகம்தான். சின்னவனுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மெதுவாப் போனா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடத்தை வகுப்பறையில் படிப்பிக்கக்கூடாது, இங்கே கூட்டிக்கொண்டு வந்து படிப்பிக்க வேண்டும் என்று பட்டது. அந்தப் பெடியன் இரண்டு கையையும் விட்டுவிட்டு, விளிம்புக்கு மேலே நீட்டிய நூறு ரூபாய்த் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனான். அவனுக்கு இந்தக் கணக்கு எல்லாம் உடம்பில் இருக்கிறது. தலைக்கவசம்தான் இல்லை. அதுமட்டும் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

மோதுகிற காரில் சின்னவன் மூன்று தரம் போனான். அதெல்லாம் எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆறரை மணி. இராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தது எனக்கும் சின்னவனுக்கும். அம்மாவைக் கீழே கதிரையில் இருத்திவிட்டுப் போவதாக இருந்தேன். "எனக்கும் ஒண்டு எடு" என்றார். நான் யோசிப்பதைக் கண்டு, டிக்கெட் கொடுக்கிற பிள்ளையிடம் தானே சிங்களத்தில் கேட்டு, காசை எண்ணிக் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் தோளில் ஒரு கை வைத்து ஏறினார்.

இருபது மீற்றர் உயரம் இருக்கும், இருபது விநாடிக்கு ஒரு சுற்று. அப்படியென்றால் உச்சியில் நிறை பத்தில் ஒரு பங்கு குறைந்ததுபோலத் தெரியும், அடியில் அவ்வளவு கூடும். அம்மா 48 கிலோ. மேலே வரும்போது 43, கீழே வரும்போது 53. ஒவ்வொரு தரமும் உச்சியைத் தாண்டும்போது "ஆ" என்று ஒரு சின்னச் சத்தம் போட்டார். பயந்த சத்தம் இல்லை வசந்தி. அந்த ஐந்து கிலோ இல்லாமல் போன சத்தம்.

நாலாவது சுற்றில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பாட்டு நின்றது, விளக்கு நின்றது. நாங்கள் ஏறக்குறைய உச்சியில். கீழே இருந்து பயப்படவேண்டாம் என்று கத்திச் சொன்னார்கள். சின்னவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். பெட்டி மெல்ல ஆடியது. வாவி கறுப்பாகக் கிடந்தது, அதன் கரையில் தாமரைக் கோபுரம் ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "வசந்தி அன்றைக்கு மஞ்சள் சட்டை, என்ன?" என்றார்.

எந்த நாள் என்று நான் கேட்கத் தேவையில்லை. 1992 டிசம்பர். நாங்கள் இரண்டு பேரும் ரியூஷன் பஸ் காசை மிச்சம் பிடித்து, களியாட்டத்துக்குப் போவது என்று மூன்று கிழமை திட்டம் போட்டோம். நீ வாசலில் வந்து நிற்கிறாய். "இவ வரமாட்டா, நீயும் வீட்டை போ பிள்ளை" என்று அம்மா உன்னை உள்ளே கூடக் கூப்பிடாமல் திருப்பி அனுப்பினார். நான் நாலு நாள் அவரோடு கதைக்கவில்லை. நீ 95இல் கனடாவுக்குப் போகிறவரைக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, தெருமுனையில்தான் நின்றாய். அதை நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை.

அதற்கு முந்தின மாதம்தான் காலி முகத்திடலுக்குக் கிட்டக் கடற்படைத் தளபதி குண்டுவெடிப்பில் இறந்தார். அதன் பிறகு சுற்றிவளைப்பு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். அது எனக்கும் தெரிந்த கதைதான். எனக்குத் தெரியாதது மற்றது.

நீ திரும்பிப் போனதும் அம்மா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நீ காலி வீதிப் பக்கம் திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார். சாவடியில் உன்னை நிறுத்தினார்களாம், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அம்மா தையல்கடை வாசலில், கண்ணாடியில் துணி பார்க்கிறதுபோல நின்றிருக்கிறார். "பிடிச்சிருந்தா என்ரை பிள்ளை எண்டு சொல்லியிருப்பன். அடையாள அட்டையைக் கையிலேயே வைச்சிருந்தனான்" என்றார். அவர்கள் உன்னை விட்டார்கள். இராமகிருஷ்ணா வீதியில் உங்கள் வீட்டுக் கேற் பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

எனக்கு அந்தப் பின்னேரம் நினைவு வந்தது. எங்கே போனீர்கள் என்று அப்பா கேட்டதற்குத் தேங்காய் வாங்கப் போனேன் என்றார். கையில் தேங்காய் இல்லை. நான் கோபத்தில் கட்டிலில் கிடந்தேன், அதைக் கவனித்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

"ஏன் அம்மா இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அடுத்த முறை விடச்சொல்லிக் கேட்பாய்" என்றார்.

பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். மழை தூறத் தொடங்கியது. அம்மா குடையை விரித்துச் சின்னவனுக்கு மேலே பிடித்தார். ஜெனரேட்டர் இருமி இருமித் திரும்ப ஓடியது, பாட்டு பாதியில் இருந்து தொடர்ந்தது, பெட்டி அசைந்தது. இறங்கியதும், நின்றதற்கு ஈடாக இன்னொரு தரம் இலவசமாகச் சுற்றலாம் என்றார்கள். சின்னவன் மாட்டேன் என்றான். அம்மா போனார். தனியாக. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற எங்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கை காட்டினார்.

வீட்டுக்கு வர ஒன்பது மணி. அடுத்த நாள் முழங்கால் நோகிறது என்று தைலம் பூசினார், வேறு ஒன்றும் இல்லை. கிளினிக்குக்கு வருகிற வியாழக்கிழமை திரும்பப் போகவேண்டும், கண்ணில் புரை முற்றியிருந்தால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள். உன் முழங்காலுக்கு என்ன செய்தாய் என்றும் எழுது. இளைய மகளின் பல்கலைக்கழகம் என்ன ஆயிற்று?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்று, "வசந்திக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஓகஸ்ட்டில் நீ வருகிறாய் என்று சொன்னேன். வந்தால் வாசலில் நிற்காமல் உள்ளே வரச்சொல்லி எழுதட்டாம்.

அன்புடன்,
சுமதி