கையெழுத்து ஜெனீவாவில், கைவிரிப்பு கொழும்பில்

திருகோணமலை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதிகாரப் பகிர்வோடு நின்றுவிடுகிறீர்கள். அது வேண்டியதுதான். கூடவே இன்னொரு வாசகத்தையும் கேளுங்கள்: உரிமை வழக்குகளில் நீதிபதிகள் சர்வதேச மனித உரிமைத் தீர்ப்புகளைக் கட்டாயம் கவனத்தில் எடுக்க வேண்டும்.

சிங்கராசா வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1993இல் கைதானவர். அவருடைய வாக்குமூலம் என்று சிங்களத்தில் தட்டச்சு செய்த தாளில், அந்த மொழி தெரியாத அவரின் பெருவிரல் அடையாளம் விழுந்தது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர்தான். வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் அதைக் கைதியே நிரூபிக்க வேண்டுமாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படி. 50 ஆண்டு சிறை, மேன்முறையீட்டில் 35. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 2004இல் ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. அதை வைத்து உயர் நீதிமன்றம் போனால், 2006 செப்டம்பரில் வந்த பதில்: அந்தக் குழுவிடம் முறையிடும் வழியை 1997இல் ஜனாதிபதி ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண்.

இதே நீதிமன்றம்தான் 2000இல் எப்பாவல பொஸ்பேற் சுரங்கத் திட்டத்துக்கு எதிரான வழக்கில் ஸ்டொக்ஹோம், ரியோ சுற்றுச்சூழல் பிரகடனங்களைத் துணைக்கு எடுத்து விவசாயிகளின் பக்கம் நின்றது. அவை வெறும் பிரகடனங்கள், உடன்படிக்கைகள்கூட இல்லை! எந்த நீதிபதியின் முன் வழக்கு வருகிறது என்பதுதான் இங்கே சட்டமா?

தென்னாபிரிக்காவில் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. 1995இல் மரண தண்டனையை ஒழித்தபோது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் தீர்ப்புகளையும் ஐ.நா. குழுவின் முடிவுகளையும் அங்கே விரிவாக அலசினார்கள். இன்றைய அரசியலமைப்பின் 39ஆம் பிரிவும் சர்வதேசச் சட்டத்தைக் கவனிக்கச் சொல்கிறது, கட்டுப்படச் சொல்லவில்லை. இறைமை போய்விடும் என்று யாராவது குதித்தால் இதைக் காட்டுங்கள்.

2006 ஜனவரியில் நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019இல் நம்மூர் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. இப்படிக் கதவு அடைபட்டவர்களிடம் ஜெனீவாவுக்குப் போகச் சொல்கிறோம். சரி, அங்கே வென்று வந்தால் அந்தத் தாளை இங்கே எந்த நீதிமன்றத்தில் கொடுப்பது?

அப்புறம், நம் அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரையையும் விட்டுவிடாதீர்கள். நிறைவேறிய சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது என்று அது இருக்கும்வரை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எந்த நீதிபதியாலும் செல்லாதென்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். கொடுத்த பிரதியை இங்கே மக்களுக்கும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலைச் சட்டத்தரணி ஒருவர்