அலைகரைக்கு மேலே இருப்பவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வவுனியா மாவட்டம் நெடுங்கேணிப் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் அலைகரைக்கு, அதாவது குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும் கரைநிலத்துக்கு, மேலே இருக்கும் மேட்டுக்காணியில் இருந்து எழுதுகிறேன். எனக்கு வயல் இல்லை. இரண்டு ஏக்கர் மேட்டுநிலம், ஒரு கட்டுக்கிணறு, பதினொரு ஆடு, அவ்வளவுதான். மாரியில் கச்சானும் உழுந்தும் போடுவேன். கிணற்றில் தண்ணீர் நிற்கும்வரை மிளகாயும் கத்தரியும். இடம்பெயர்ந்து அலைந்து 2011இல் திரும்பி வந்து, பற்றை வெட்டி எடுத்த காணி இது.

இந்த ஆவணியில் குளம் வற்றிவிட்டது. குளம் வற்றிப் பத்து நாளில் என் கிணறும் வற்றியது. இப்போது குடிக்கவும் ஆடுகளுக்கு வைக்கவும் தண்ணீர் சைக்கிளில் கட்டி வருகிறது. இத்தனைக்கும் சில வருடங்களுக்கு முன்புதான் குளத்தைத் திருத்தினார்கள். குளக்கட்டை உயர்த்தி, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசைப் புதிதாக வைத்து, மிஞ்சிய தண்ணீர் வழியும் வானுக்குக் கொங்கிறீற் போட்டார்கள். தேவையான வேலைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் குளத்துக்கு மேலே என்ன நடக்கிறதென்று ஒருவரும் ஏறி வந்து பார்க்கவில்லை. குளத்தை நிரப்பும் மண் முழுக்க எங்கள் பக்கத்தால்தான் இறங்குகிறது.

என் காணியாலும் இறங்கியது. உழவு இயந்திரம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேரே உழுதுவிட்டுப் போகும். கார்த்திகையில் ஒரு பெருமழை பெய்தால் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகிவிடும். மேல்மண்ணும் முளைத்த கச்சானும் சேர்ந்து அலைகரைக்குப் போய்விடும். எனக்கும் நட்டம், குளத்துக்கும் கேடு. கிரவல் அள்ளிவிட்டு மூடாமல் போன கிடங்குகளின் கரை இடிந்து வருவது வேறு.

நாலு வருடத்துக்கு முன் சரிவுக்குக் குறுக்காக மூன்று வரம்பு போட்டேன். முழங்கால் உயரம். மண் பிடிக்க வரம்போடு சீமைக்கிளுவைத் தடி நட்டேன். அதன் இலை இப்போது ஆடுகளுக்குத் தீனி. இரண்டு மாரியில் வரம்பின் மேல்பக்கம் ஒரு சாண் மண் தங்கிவிட்டது. முன்பு ஆனியிலேயே அடி தெரிந்த கிணறு இப்போது ஆடிக் கடைசி வரையாவது நிற்கிறது. அந்த ஒரு மாதத்து மிளகாய்தான் பேத்தியின் பள்ளிக்கூடச் செலவு. ஆனால் நான் ஒருத்தி என் இரண்டு ஏக்கரில் வரம்பு போட்டு என்ன செய்வது? பக்கத்துக் காணி மண் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பழைய ஆட்கள் இதற்கெல்லாம் வழி வைத்திருந்தார்கள். எங்கள் குளத்துக்கு மேலே காட்டுக்குள் ஒரு சிறு குளம் இருந்தது. அதற்குக் கீழே வயல் கிடையாது. வெள்ளத்தோடு வரும் மண் அதில் படியும், மிருகங்கள் அங்கேயே தண்ணீர் குடிக்கும். அதைத் தாண்டினால் அலைகரையில் மரமும் புல்லும் மிச்ச மண்ணை மறிக்கும். வான் பாயும் தண்ணீர் அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இலங்கையின் வரண்ட பகுதியில் உள்ள இந்தத் தொடர்குள முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட தொடரில் ஒன்றுதான் எங்களுடையது. மேலே இருந்த சிறு குளம் கட்டு உடைந்து, பற்றை மூடிக் கிடக்கிறது.

குளத்தை இன்னும் ஆழமாக்குங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். படிந்த வண்டலை அள்ளுவது சரி. அதற்குக் கீழே உள்ள களித்தரையை இயந்திரம் உடைத்துவிட்டால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடும். குளக்கட்டையும் வானையும் மட்டும் உயர்த்தினாலோ தண்ணீர் இன்னும் பரந்து, ஓரமெல்லாம் ஆழமில்லாமல் நிற்கும். வெயிலும் சோளகக் காற்றும் அதைக் குடித்துத் தீர்த்துவிடும். மேலே ஒரு குளத்தின் வானை உயர்த்தினால் கீழ்க்குளத்துக்குப் போகும் தண்ணீர் குறையும். தொடர் முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

போகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது துருசு திறப்பது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். எங்கள் குளத்தில் அந்தக் கூட்டத்துக்கு வயல்காரர்களை மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். மேட்டுக்காணிக்காரரின் பேச்சு அங்கே எழுவது அலைகரை பிடித்ததாகக் குற்றம் சொல்லும்போது மட்டும்தான். எங்களை எழுப்பிவிட்டால் குளம் பிழைக்கும் என்று நினைக்கிறார்கள். நாங்கள் எங்கே போவது? குளம் திருத்த வரும் காசில் ஒரு பங்கை மேலே கொண்டுவாருங்கள். வரம்பு போடுகிற நாட்களுக்குக் கூலி, நட மரக்கன்று, சரிவுக்குக் குறுக்காக உழுது தர ஒரு இயந்திரம், உடைந்த சிறு குளத்துக்கு ஒரு கட்டு. இவ்வளவுதான் கேட்கிறோம்.

அலைகரைக்கு மேலே நாங்கள் ஏழு குடும்பம். எல்லோரிடமும் பேசிவிட்டேன். குளத்தின் எல்லைக்கல் எங்கே வரும் என்று பொறுப்பானவர்கள் வந்து காட்டினால், அதற்கு உள்ளே யாரும் உழ மாட்டோம். ஐப்பசி மழைக்கு முன் வந்தால் இந்த மாரிக்கே வரம்பு போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு மேட்டுக்காணிக் கமக்காரி,
நெடுங்கேணி.