கம்மத்தில் எங்களை எழுப்பிய தம்பிக்கு

தெலங்கானாவில் தோர்ணக்கல்லுக்கு அருகே ஒரு கிராமத்துச் சபையில் பதினொரு ஆண்டுகள் மிஷனரிகளாக ஊழியம் செய்த நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற பின் சென்ற மாதம்தான் அங்கே திரும்பிச் சென்றோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானது இந்தத் தோர்ணக்கல்லுக்குத்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பாதி சொந்த ஊர் மாதிரி.

திருநெல்வேலியிலிருந்து சென்னை, அங்கே ரயில் மாறி விஜயவாடா வழியாக மேலும் ஓர் இரவு. இருவருக்கும் மேல் படுக்கைதான் கிடைத்தது. மனைவிக்கு மூட்டுவலி. அதைக் கேட்காமலேயே கவனித்த நீங்கள், உங்கள் கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டீர்கள். என் நெல்லைத் தெலுங்கைக் கேட்டுச் சிரித்தீர்கள், அதையும் மரியாதையாகவே!

நீங்கள் இறங்க வேண்டியது காஜிப்பேட்டை. ஆனாலும் எங்களுக்காகக் கைப்பேசியில் அலாரம் வைத்து, கம்மம் வந்ததுமே எழுப்பினீர்கள். அடுத்த நிறுத்தம் தோர்ணக்கல். இல்லையென்றால் தூக்கத்திலேயே அதைத் தாண்டியிருப்போம். பெட்டிகளை நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு, ரயில் நகரத் தொடங்கியபோது ஓடி ஏறினீர்கள். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். வயதான மிஷனரிக்கு இது வெட்கக்கேடுதான்.

அன்று காலை ஆராதனையில் உங்களுக்காக ஜெபித்தோம். பெயர் கேட்டார்கள். "ரயிலில் வந்த தம்பி" என்றாள் என் மனைவி. நன்றி, தம்பி.