ஜார்ஜ் டவுன் மாடிகளில் லெட்டூஸ் வேண்டாம், காளான் வளர்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏசி அறைக்குள் எல்இடி விளக்கு வெளிச்சத்தில், மண்ணில்லாமல் தண்ணீரிலேயே லெட்டூஸ் என்ற சாலட் கீரையை வளர்ப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜார்ஜ் டவுனில் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களுக்கும் இது ஏற்றது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். கொத்தவால் சாவடியில் காய்கறி கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். இன்றும் அண்ணாப்பிள்ளை தெருவுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். அதனால் அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத் தோன்றியது.

யோசனை நல்லதுதான். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபிறகு இந்தப் பக்கம் பல மாடிகள் ஆள் ஏறாமல் கிடக்கின்றன. கீழே கடை ஜோராக நடக்கும், மேலே புறா குடியிருக்கும். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடிவிட்டு சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஊருக்கே காய் அனுப்பிய இந்தத் தெருக்காரர்கள் அன்றைக்கு ஒரு கட்டு கீரைக்கு அலைந்தோம். கொஞ்சமாவது இங்கேயே விளையட்டும் என்று அப்போதே நினைத்தேன்.

ஆனால் லெட்டூஸ் சரிப்படாது. எங்கள் வீடுகள் மெட்ராஸ் டெரஸ் கட்டுமானம். தேக்குச் சட்டங்களைக் குறுக்கே போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய தளம். தண்ணீரிலேயே பயிர் வளர்க்க வேண்டுமென்றால் தொட்டி வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதை எந்தத் தைரியத்தில் நூறு வருஷத்துச் சட்டத்தின் மேல் ஏற்றுவது? போதாததற்கு விளக்குக்கும் ஏசிக்கும் ஆகும் கரண்ட் பில். அந்தக் கீரையை நட்சத்திர ஹோட்டல்தான் வாங்கும், மின்ட் தெருவில் யார் வாங்குவார்கள்?

சிப்பிக்காளான் அப்படியில்லை. வேளாண் பல்கலைக்கழகத்துப் பயிற்சிக்குப் போய்வந்த என் மருமகள், எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் வளர்க்கிறாள், அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் விதை என்று நிரப்பிக் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்கக் காளான் இழை வெள்ளையாகப் படர்ந்துவிடும். ஒன்றரை மாதத்துக்குள் மூன்று அறுப்பு எடுத்துவிடலாம். வெயிலும் வேண்டாம், பெரிய விளக்கும் வேண்டாம். இதற்கு 25 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை எங்கள் கனத்த சுவரே அதைக் கொடுத்துவிடுகிறது. கோடையில் 35 டிகிரியையும் தாங்கும் பால் காளானுக்கு மாறிக்கொள்ளலாம். அதில் ஏபிகே 2 என்ற ரகத்தை 1998-லேயே பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. சிப்பிக்காளான் பறித்த மறுநாளே வாடத் தொடங்கிவிடும். அதனால்தான் அது விற்கும் இடத்திலேயே விளைய வேண்டிய பொருள்.

இதிலும் ஒரு பெரிய சிக்கல் உண்டு, கட்டுரை எழுதியவர்கள் அதைத் தொடவே இல்லை. காளானுக்கு 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். அந்த ஈரம் நேராகத் தேக்குச் சட்டத்தில் ஏறினால், சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் உளுத்துப்போகும், சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழும். பிறகு காளானும் இருக்காது, வீடும் இருக்காது. நாங்கள் அறைக்குள் இன்னொரு அறைபோலக் கம்பிச் சட்டம் நிறுத்தி, பாலிதீன் விரிப்பால் நாலு பக்கமும் மேலும் மூடி, தண்ணீர் தெளிப்பதை அதற்குள் மட்டும் வைத்துக்கொண்டோம். விரிப்புக்கும் கூரைக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கிறது. அறுப்பைத் தள்ளிப்போட்டால் காளானிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துத்தூள் பறந்து இருமல் வரும், அதனால் முகக்கவசமும் வேண்டும்.

அப்புறம், யாருக்காக வளர்க்கிறோம் என்பதும் முக்கியம். சவுகார்பேட்டையில் ஜெயின் குடும்பங்கள் அதிகம், அவர்கள் காளானைத் தொடமாட்டார்கள். அவர்களுடைய கட்டடத்தில் காளான் பை தொங்கவிட இடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், கேட்டும் பார்த்தேன்! அந்த மாதிரி வீடுகளில் ஜன்னலோரத்தில் தட்டு வைத்து வெந்தயக் கீரை போடலாம்.

மாநகராட்சிக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் உங்கள் வழியாக நான் வைக்கும் கோரிக்கை இது. இந்தப் பகுதியில் காலியாக உள்ள அரசுக் கட்டடம் ஒன்றின் மாடியில் முதலில் செய்து காட்டுங்கள். அதற்கு முன்னால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துச் சட்டங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிமென்ட் பூசி மூடிவிட்டு ‘பலப்படுத்தினோம்’ என்று சொல்லாதீர்கள். வைக்கோலை மாடியில் குவித்து வைக்க அனுமதிக்கவே கூடாது. நைனியப்பன் தெருவில் கெமிக்கல் கடை, அடுத்த தெருவில் பேப்பர் குடோன் என்று இருக்கிற இடத்தில் ஒரு தீப்பொறி போதும். ஊருக்கு வெளியே நறுக்கி வேகவைத்து, நிரப்பிய பைகளாகக் கொண்டுவந்தால் இந்தப் பயமே இல்லை, சந்துக்குள் மூன்று சக்கரத் தள்ளுவண்டியே போதும். அறுப்பு முடிந்த வைக்கோல் நல்ல உரம். அதைத் தனியாக எடுத்துப்போக வாரம் ஒரு வண்டி அனுப்புவார்களா என்பதை மாநகராட்சி இப்போதே சொல்லிவிட்டால், இன்னும் சிலர் துணிந்து இறங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்குப்பிள்ளை,
ஜார்ஜ் டவுன், சென்னை