வைரத்துக்கு ஒரு வயசு, பாறைக்கு ஒரு வயசு

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கான திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் வீட்டுக்காரர் இன்னமும் ‘உன் சிநேகிதி ஒரு வைரம் தரக்கூடாதா’ என்று கேட்கிறாராமே! வைரத்தை மேலே கொண்டுவரும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டில் ஒரு டன் அனுப்புகிறேன், உடைத்துத் தேடச் சொல். நல்ல சுரங்கத்திலேயே ஒரு டன்னுக்கு ஒரு காரட் தேறினால் கொண்டாட்டம்தான்.

‘பாறையின் வயசுதானே வைரத்தின் வயசும்’ என்று எழுதியிருந்தாய். பேங்க் வேலை உன்னை நன்றாகக் கெடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி, ஃபின்ஷ் வைரங்களுக்குள் சிக்கியிருந்த கார்னெட் என்ற கனிமத் துணுக்குகளின் வயசை 1984-இல், சமேரியம் சிதைந்து நியோடிமியமாவதை வைத்து அளந்தார்கள். 320, 330 கோடி ஆண்டுகள் என்று வந்தது. அவற்றை மேலே கொண்டுவந்த பாறைக்கோ கிம்பர்லியில் சுமார் 9 கோடி, ஃபின்ஷில் சுமார் 12 கோடிதான். கிம்பர்லைட் என்பது வைரம் ஏறி வந்த பஸ், அவ்வளவுதான்.

அந்த பஸ்ஸின் வயசைச் சொல்வதில்தான் என் உயிர் போகிறது. போன வாரம் என் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தது. எந்த இதழ் என்று கேட்காதே. ‘முழுப் பாறையையும் பொடித்து ஸ்ட்ரான்சியம் அளந்திருக்கலாமே’ என்று, அதைப் பரிசீலித்த ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார். 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து கிளம்பி, வழியில் அகப்பட்ட கல்லையெல்லாம் பிய்த்து விழுங்கிக்கொண்டு வருகிற சாமான் அது. வந்த பிறகும் நிலத்தடி நீர் ஊறி ஊறி அதிலுள்ள ஒலிவின் என்ற கனிமம் பாதி, செர்பன்டைன் என்ற வேறு கனிமமாகிவிடுகிறது. அதைப் பொடித்தால் யாருடைய ஸ்ட்ரான்சியம் கிடைக்கும்?

பெரோவ்ஸ்கைட் என்று ஒரு கனிமம் இருக்கிறதடி. மைக்ராஸ்கோப்பில் பார்க்க மெல்லிசாகச் சீவிய தின் செக்‌ஷனில் ஒலிவின் உருண்டைகளுக்கு நடுவே மிளகுத்தூள் மாதிரி கரும்பழுப்பாகச் சிதறிக் கிடக்கும், பல மணிகள் 50 மைக்ரான்கூடத் தேறாது. ஆனால் அந்தக் குழம்பிலேயே பிறந்தது, வழியில் ஏறிக்கொண்டதில்லை. உள்ளே யுரேனியம் இருப்பதால் அது காரீயமாக மாறியதை வைத்து வயசு சொல்லலாம். பிறக்கும்போதே உள்ளே இருந்த காரீயத்தைக் கழிப்பதுதான் தலைவலி. ஸ்ட்ரான்சியம் நிறைய, சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆகிற ருபீடியம் இல்லையென்றே சொல்லலாம். அதனால் பிறந்த அன்றிருந்த ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதம், அதாவது எடை வேறான இரண்டு வகை ஸ்ட்ரான்சியம் அணுக்களின் விகிதம், 100 கோடி வருஷம் ஆனாலும் அநேகமாக அப்படியே நிற்கும். எப்போது வந்தது என்று காரீயம் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று இந்த விகிதம் சொல்லும், இரண்டுக்கும் அதே மணிகளில் பதில். இதை விட்டுவிட்டுப் பொடிக்கச் சொல்கிறார்!

எங்கிருந்து என்பதில்தான் எனக்குத் தூக்கம் போகிறது. தென்னாப்பிரிக்கக் கிம்பர்லைட்டுகள் ஐசோடோப்பில், அதாவது இந்த மாதிரி அணு விகிதங்களில், இரண்டு ஜாதி என்று ஸ்மித் என்ற ஆய்வாளர் 1983-இலேயே காட்டிவிட்டார். ஒன்று கண்டத்தட்டுக்கும் கீழேயிருந்து வந்த மாதிரி. மைக்கா மலிந்த மற்றது, தட்டின் அடியில் நெடுங்காலம் ஊறிய பழைய பகுதியிலிருந்து. 2019-இல் உலகம் முழுவதுமிருந்து நியோடிமியம், ஹாஃப்னியம் ஐசோடோப் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தால், 250 கோடி ஆண்டுகளாக முதல் ஜாதி ஏறக்குறைய ஒரே கோட்டில் போகிறது. கடைசி 20 கோடியில்தான் சில விலகுகின்றன. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இடைவிடாமல் புரளும் மேன்டிலுக்குள் ஒரு மூலை மட்டும் கலங்காமல் இருந்திருக்கிறதாம். பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இன்னும் ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்கவில்லை.

சாரைப் பார்த்தேன். ஆந்திராவின் வஜ்ரகரூர்ப் பாறைக்கு 110 கோடி வயசு, ஆகவே நம் நாட்டுக் கிம்பர்லைட் எல்லாமே அந்தக் காலத்துச் சரக்கு என்று மேஜையைத் தட்டுவாரே, நினைவிருக்கிறதா? சத்தீஸ்கரின் பெஹ்ராடி சுமார் 6.5 கோடி, தக்காணத்தில் பாசால்ட் எரிமலைக் குழம்பு பாய்ந்த காலம் என்று வந்தபோது ‘அப்போ லேப் தப்பு’ என்றவர். இப்போது பார்வை மிகவும் மங்கிவிட்டது. ரிசல்ட்டை நான்தான் வாசித்துக் காட்டினேன். அப்போதும் எர்ரர் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார். உன்னைப் பற்றியும் கேட்டார். தள்ளிப்போடாதே, போய்ப் பார்த்துவிட்டு வா.

மகானுபாவருக்கு எழுதிய பதிலை இத்துடன் அனுப்புகிறேன். கோபமான வரிகளை மட்டும் அடித்துக் கொடு. மிச்சம் அரைப் பக்கமாவது தேறுகிறதா பார்.

உன்,
கல்லுப்பொறுக்கி